நாங்கள் ஒதுக்கி வைக்கும் மணல்மணிகள்

என் கணவர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். பூமியின் வயதைப் பற்றி வேதம் சொல்வது சரியா, விஞ்ஞானம் சொல்வது சரியா என்று எங்கள் சபை ஏற்பாடு செய்த கூட்டம் அது. திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு லாட்ஜுக்குப் பின்னாலிருக்கும் மாடி ஹாலில்தான் எங்கள் தமிழ் சபை கூடும். ஞாயிறு ஆராதனை முடிந்து, எல்லாருக்கும் பிரியாணி கொடுத்து, பிள்ளைகளைக் கீழே விளையாட அனுப்பிவிட்டு மதியம் தொடங்கினார்கள். முதலில் பாஸ்டர் பேசினார். அடுத்தது என் கணவர்.

அவர் நன்றாகப் பேசுவார். ஆரியசாலையில் ஒரு மிளகாய் மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறார். எண்களைத் தடுமாறாமல் சொல்வார், யாரையும் திட்டமாட்டார். ஆதாமிலிருந்து தலைமுறைகளைக் கூட்டிக்கொண்டே வந்து, மொத்தம் ஆறாயிரம் வருடம் சொச்சம் என்று முடித்தார். பிறகு, விஞ்ஞானிகள் சொல்லும் நானூற்றைம்பது கோடி எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிரியமானவர்களே, என் மனைவி வேலை பார்ப்பது கல்லுக்கு வயது பார்க்கிற லேபில். உங்களுக்கெல்லாம் தெரியும். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது அவளே என்னிடம் சொன்னாள். சில மணல்மணிகள் வேறு வயது காட்டுமாம். அப்படிக் காட்டினால் அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்துவிடுவார்களாம். வேண்டிய வயது வந்தால் எடுத்துக்கொள்வது, வேண்டாத வயது வந்தால் தள்ளிவிடுவது. இது நான் சொன்னதல்ல. அந்த லேபில் சம்பளம் வாங்குகிறவள் சொன்னது."

ஹாலில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யார் முகத்திலும் கேலி இல்லை. பெருமையாகச் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த சிஸ்டர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. காது இரண்டும் கொதித்தன. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் சொன்ன பேச்சு மைக்கில் வந்ததே ஒரு கூச்சம். அது நான் சொல்லாத அர்த்தத்தோடு வந்தது அதைவிடப் பெரிய கூச்சம். முந்தானையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

நான் விஞ்ஞானி இல்லை. ஆய்வு நிலையத்தில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட். மலையிலிருந்து கொண்டுவரும் பாறையை உடைத்துப் பொடித்து, சலித்து, கழுவி, கனமான மணலை மட்டும் பிரித்தெடுப்போம். அதிலிருந்து சிர்கான் என்கிற மணிகளை மைக்ராஸ்கோப்பின் கீழ் ஊசியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பிசினில் பதித்து, பாதியளவு தேயும்வரை பாலிஷ் போடுவது என் வேலை. பிறகு மெஷினில் வைத்து ஒவ்வொரு மணியிலும் கண்ணுக்குத் தெரியாத குழி போட்டு, உள்ளே எவ்வளவு யுரேனியம், எவ்வளவு ஈயம் என்று பார்ப்பார்கள். யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். எந்த வேகத்தில் மாறும் என்பது தெரியும். ஆகவே எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால் மணி உண்டாகி எவ்வளவு காலம் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். பதினைந்து வருடமாக இதைச் செய்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை இதுதான். ஒதுக்கி வைத்தோம் என்று நான் சொன்னது உண்மை. ஏன் ஒதுக்கினோம் என்று அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது, அவரும் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்து மெடிக்கல் காலேஜில் கிடந்தார். எங்கள் இரண்டு பேர் வீடும் நாகர்கோவில் பக்கம். அங்கிருந்து யாரும் வந்து தொடர்ந்து நிற்க முடியவில்லை. அப்போது இந்தச் சபைக்காரர்கள்தான் மாறி மாறி வந்து நின்றார்கள். ஹோட்டலில் வேலை பார்க்கிறவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், வீட்டுவேலை செய்கிற பெண்கள். கஞ்சி கொண்டுவந்தார்கள். நான் லேபுக்குப் போன நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் குரல் திரும்பி வந்தபோது முதலில் பாடியது அந்த ஹாலில்தான். அதுவரை ஞாயிற்றுக்கிழமை ஏதோ பெயருக்குக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த நாங்கள் அந்தச் சபையின் ஆட்களாகிவிட்டோம். அந்த மனிதர்கள் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரிக்கும்போது, நீங்கள் கேட்டது தப்பு என்று எப்படிச் சொல்வது?

ஒரு வாரத்துக்குள் அந்தப் பேச்சு வீடியோவாக வந்தது. நாகர்கோவிலிலிருந்து என் சித்தி கைகூப்பும் படத்தோடு எனக்கே அனுப்பினாள். அதற்கடுத்த நாள் லேபில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது. டீ நேரத்தில் நான் போய் நின்றதும் ஆராய்ச்சி மாணவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களில் ஒரு பெண் என்னிடம் எப்போதும் முந்தின நாள் ரிசல்ட் எப்படி வந்தது என்று சொல்லிக்கொண்டே சாயா குடிப்பாள். அன்றைக்கு, "சேச்சி, எனக்குக் கொஞ்சம் ஜோலி உண்டு" என்று கிளாஸைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் காதில் வாங்குவது எல்லாம் வெளியே போகும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அவளைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மத்தியானம் மேடம் கூப்பிட்டார். அவர்தான் எங்கள் பிரிவின் தலைவி, மலையாளி. பொன்முடிச் சாலையில் மலையை வெட்டிய இடங்களில் மழையில் நனைந்துகொண்டு சுத்தியலால் தட்டிப் பாறை எடுத்தவர். நானும் கூடப் போயிருக்கிறேன். போனை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"இது உங்க ஹஸ்பெண்ட் அல்லே?"

"ஆமா மேடம்."

"நமக்குத் தமிழ் அத்ர அறியில்ல. பட்சே இது மனசிலாயி." தமிழ் அவ்வளவாகத் தெரியாவிட்டாலும் இது புரிந்துவிட்டது என்கிறார். "அந்த மணியெல்லாம் எதுக்கு ஒதுக்கி வச்சோம்னு நீங்க அவரிடம் சொன்னதில்லையா?"

"இல்ல மேடம். அதைச் சொல்லல."

"அப்போ அதுதான் ப்ரஷ்னம்" என்று மட்டும் சொன்னார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மறுபடி கம்ப்யூட்டரைப் பார்க்கத் தொடங்கியதும் நான் வெளியே வந்து, பாலிஷ் போடும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. யாரோ என்னை எல்லார் முன்னாலும் உடை மாற்றச் சொன்னதுபோல இருந்தது.

அன்று சாயங்காலம் கணவரிடம் பேசினேன். அவர் கடையிலிருந்து வந்து மிளகாய் நெடி போகக் கைகாலைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க கூட்டத்துல சொன்னது தப்பு."

"நீ சொன்னதைத்தான சொன்னேன்."

"பாதியைத்தான் சொன்னீங்க."

"மீதிய நீ சொல்லலியே."

அது உண்மைதான். அதனால் மீதியை அப்போது சொன்னேன். ஒவ்வொரு சிர்கான் மணியிலும் யுரேனியம் இரண்டு வகை உண்டு. இரண்டும் வேறு வேறு வேகத்தில் இரண்டு வகை ஈயமாக மாறும். ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரம் ஓடுவதுபோல. இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் அதை நம்புவோம். மணியில் விரிசல் விழுந்து ஈயம் கொஞ்சம் கசிந்து போயிருந்தால் இரண்டும் இரண்டு வயது சொல்லும். அந்த மணியைத்தான் ஒதுக்குவோம். ஒதுக்கியதை ஒளிக்கவும் மாட்டோம், என்ன காரணம் என்று எழுதியே வெளியிடுவோம்.

அவர் கவனமாகக் கேட்டார். "எங்க கடையில சந்தேகம் வந்தா ஒரே மூட்டையை ரெண்டு தராசுல போடுவோம். ரெண்டும் ஒண்ணு சொல்லலன்னா அந்த மூட்டையைத் தள்ளி வைப்போம். அதுபோலயா?"

"அதேதான்."

"ரெண்டு தராசும் சேந்து பொய் சொன்னா?"

"ஒண்ணு ரெண்டு கல்லு இல்ல, உலகம் முழுக்க எடுத்துப் பாத்திருக்காங்க. வேற வேற வழியிலயும் பாத்திருக்காங்க. வானத்துலேந்து விழுந்த கல்லுலயும் பாத்தாச்சு. எல்லாம் சேந்து ஒரே பொய்யைச் சொல்லுமா?"

"கல்லு உண்டானப்பவே ஈயம் அதுல இருந்திருந்தா?"

"சிர்கான் உண்டாகும்போது ஈயத்தை உள்ள விடாது. அதோட சேராது."

"அதை யாரு பாத்தா?"

"லேபில சிர்கானை உண்டாக்கிப் பாத்திருக்காங்க."

அவர் முட்டாள் இல்லை. எங்கே தப்பு நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆறாயிரம் வருடத்தை அவர் விடவில்லை. அது வேறு விஷயம். நான் சொல்லாததை நான் சொன்னதாகச் சொல்லிவிட்டோம் என்பது புரிந்தது.

"மேடையில சொல்லிட்டனே" என்றார்.

"மாத்திச் சொல்லுங்க."

"எப்படிப் போய்ச் சொல்லுவேன்? பாஸ்டர் அடுத்த மாசம் கேள்வி பதில் வச்சிருக்காரு. நான்தான் பதில் சொல்ல உக்காரணும்."

"அப்போ நான் சொல்லுதேன்."

"அத்தனை பேர் முன்னாலயா?"

"நீங்க அத்தனை பேர் முன்னாலதான சொன்னீங்க."

அவர் எழுந்து போய்த் தொலைக்காட்சியைப் போட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஒருவேளை பேசாமல் இருந்திருப்பேன். அதை நினைத்தாலும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

கூட்டத்துக்கு முன்னால் பாஸ்டரை போனில் கூப்பிட்டு, எனக்குக் கொஞ்சம் பேச வேண்டும் என்றேன். எதைப் பற்றி என்று கேட்டார். சொன்னேன். "உண்மைன்னா பேசுங்க சிஸ்டர். நம்ம ஹால்ல உண்மைக்கு இடம் இல்லன்னு இருக்கக்கூடாது" என்றார். அவர் மறுத்துவிடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். மறுக்காததால் பேசியே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது.

அன்றைக்கு மழை. ஹாலில் ஈரக் குடைகளின் வாசனை. மேடையில் பாஸ்டரும் என் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மூன்று கேள்விகள் போனபிறகு பாஸ்டர் என் பக்கம் கையைக் காட்டினார். எழுந்து போய் மைக்கை வாங்கினேன். எதிரே இருந்தவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்தவர்கள்.

போன மாதம் என் பெயரில் சொன்னது முழுமையாக இல்லை என்று தொடங்கினேன். இரண்டு கடிகாரத்தைச் சொன்னேன். விரிசலைச் சொன்னேன். மிளகாய் மூட்டை, தராசு எல்லாவற்றையும் சொன்னேன். தராசு உவமை என் கணவர் சொன்னது என்பதையும் சேர்த்துச் சொன்னேன், அவருக்கு ஒரு மரியாதையாக இருக்கட்டும் என்று. நான் நினைத்ததைவிட அமைதியாகக் கேட்டார்கள்.

முன்வரிசையிலிருந்த ஒரு பெரியவர், கட்டட மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர், கேட்டார். "அப்போ நீ வேதத்தை நம்பலையா மோளே?"

"நம்புதேன் அண்ணாச்சி. ஆனா ஆறாயிரம்னு அதுல எங்கயும் எழுதல. அது பேருகளைக் கூட்டிப் பாத்தவங்க சொன்ன கணக்கு."

"கூட்டுனது தப்பா?"

"கூட்டுனது தப்பா சரியான்னு எனக்குத் தெரியாது. நான் படிச்சது கல்லைத்தான்."

அதோடு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். பின்னாலிருந்து ஒருவர், நீங்கள் ஒதுக்கி வைத்த அந்த மணி என்ன வயதுதான் காட்டியது, அதையாவது சொல்லுங்கள் என்றார். அவர் கேட்ட தொனியில் கொஞ்சம் சவால் இருந்தது. இரண்டு வாரமாக லேபில் யாரும் என்னிடம் சரியாகப் பேசாத கோபம் எனக்குள் இருந்தது. அது அந்த இடத்தில் வெளியே வந்துவிட்டது.

"முப்பது கோடிக்குப் பக்கம்" என்றேன். "நாங்க சரியில்லன்னு தூரப் போட்ட மணியே முப்பது கோடி. ஆறாயிரத்துக்கு அதுவும் உதவாது."

பின்வரிசையில் காலேஜ் படிக்கிற பையன்கள் சிரித்துவிட்டார்கள். ஒருவன் கைகூடத் தட்டினான். நான் மேடையைப் பார்த்தேன். என் கணவர் தன் முன்னாலிருந்த மைக்கின் வயரைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் முகம் எப்படி இருந்ததென்றால், ஆஸ்பத்திரியில் குரல் வராமல், தண்ணீர் வேண்டும் என்பதைக் கையால் காட்டியபோது இருந்ததுபோல இருந்தது. நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இருந்தும் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை எனக்குத் தலை நிமிரவில்லை. என்னை எல்லார் முன்னாலும் நிறுத்தினார் என்றுதானே நான் அத்தனை நாள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். இப்போது அவரை நான் நிறுத்திவிட்டேன்.

அவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். "நான் போன மாசம் சொன்னதுல என் மனைவி பேரை இழுத்தது சரியில்ல. அவ சொன்னதை நான் முழுசாக் கேக்காமச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கிடுங்க" என்றார். ஆறாயிரம் வருடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டார். பாஸ்டர் ஜெபம் செய்து கூட்டத்தை முடித்தார்.

வெளியே மழை விடவில்லை. ஸ்கூட்டரை எடுக்க முடியாமல் லாட்ஜின் வாசலில் ஒதுங்கி நின்றோம். எதிரே பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள் தலையில் பிளாஸ்டிக் பையைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

"கடைசில நான் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டாம்" என்றேன் நான்.

"உண்மைதான" என்றார்.

"உண்மைதான். ஆனாலும்."

"விடு" என்றார். அதற்குப்பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

முதல் வீடியோவை எடுத்துவிடும்படி பாஸ்டரிடம் அவரே கேட்டார். எடுத்துவிட்டார்கள். ஆனால் அது போன் போனாகப் போய்விட்டது. இன்னமும் யாராவது உறவுக்காரர் எனக்கு அனுப்புவார்கள், என் கணவர் எவ்வளவு அழகாகப் பேசுகிறார் பார் என்று. அவர் மேடையேறுவதை நிறுத்திவிட்டார். பாட மட்டும் செய்கிறார். சபையில் எங்களிடம் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் முன்பெல்லாம் "உன் லேபுல என்ன விசேஷம்" என்று கேட்கிற சிஸ்டர்கள் இப்போது பிள்ளைகளின் படிப்பைத்தான் கேட்கிறார்கள். லேபில் விஷயம் வேறு மாதிரி ஆயிற்று. கூட்டத்தில் நடந்ததை மேடத்திடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். சில வாரத்தில் அந்தப் பெண் சாயா கிளாஸோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தின நாள் மெஷின் படுத்திய பாட்டைச் சொல்லத் தொடங்கினாள். நான் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டுக்கொண்டேன்.

இந்த வருடம் ஆய்வு நிலையத்தில் பொதுமக்கள் வந்து பார்க்கிற நாள் வைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள். என் மேசையில் மைக்ராஸ்கோப்பை வைத்து, பாலிஷ் போட்ட மணிகளைக் காட்டச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். நிமிர்ந்தால், அந்த வரிசையில் நாலைந்து பேருக்குப் பின்னால் என் கணவர் நிற்கிறார். வருகிறேன் என்று வீட்டில் சொல்லவில்லை. கடைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

என் பக்கத்தில் மேடம் நின்றிருந்தார். என்னோடு சாயா குடிக்கிற அந்த மாணவியும் இருந்தாள். அவர்கள் இருவரும் வீடியோவில் அந்த முகத்தைப் பார்த்தவர்கள். அந்த ஒரு கணத்தில், யாருக்கும் அவரை அடையாளம் தெரியாமல் போகவேண்டும் என்று என் மனம் வேண்டிக்கொண்டது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். என்னைத் தெரியாதவர்போலவே வரிசையில் நகர்ந்து வந்தார். முறை வந்ததும் மற்றவர்களைப்போலக் குனிந்து கண்ணை வைத்தார். பின்னாலிருந்த பிள்ளைகள் நெளியும் அளவுக்கு நேரமெடுத்துப் பார்த்தார்.

"ஓரத்துல கோடு கோடா தெரியுதே, அது என்ன?" என்று கேட்டார்.

"அதுதான் விரிசல்."

"ஈயம் போறது இந்த வழியாவா?"

"ஆமா."

மேடம் திரும்பிப் பார்த்தார். ஒரு பொதுஜனம் கேட்கிற கேள்வி இல்லையே அது. அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "மேடம், இது எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

மேடம் கை நீட்டினார். என் கணவர் குலுக்கிவிட்டு, "எனக்கு இன்னும் நம்பிக்கை வரல மேடம். பாக்கணும்னு தோணிச்சு" என்றார்.

"பாருங்க" என்றார் மேடம். இன்னொரு மணியை, விரிசல் இல்லாத ஒன்றை, அவருக்காகக் கண்ணாடியின் கீழே நகர்த்தி வைத்தார். அவர் மறுபடி குனிந்தார். நான் பிள்ளைகளின் வரிசையைச் சரிசெய்யப் போனேன்.